உள்ளங்கையில் வந்த சீன எழுத்து

திருத்தணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கிருத்திகையன்று பொதட்டூர்பேட்டையிலிருந்து தறிக்காரர் ஒருவர் உள்ளங்கையை விரித்தபடியே கடைக்குள் வந்தார். புதிதாக வாங்கிய சைனா விசைத்தறி காலையில் நின்றுபோய், அதன் திரையில் இரண்டு எழுத்து வந்திருக்கிறது. அவரிடம் இருப்பது பட்டன் போன். எழுத்தைப் பேனாவால் கையில் வரைந்துகொண்டு, கூட்டம் நெரித்த பஸ்ஸில் அந்தக் கையால் கம்பியைக்கூடப் பிடிக்காமல் வந்திருக்கிறார்.

வியர்வையில் மை கலைந்திருந்ததால் என் போன் கேமரா அதைப் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில், வரைந்து காட்டினால் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கையெழுத்துக் கட்டத்தைத் திறந்து மவுஸால் வரைந்தேன். தமிழ் எழுதிய பழக்கத்தில் கையெடுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க, அது எதையெதையோ காட்டியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிறகு தனித்தனிக் கோடாக, விட்டு விட்டு வரைந்தேன். அதுவரை அவர் கையை மானிட்டர் பக்கத்திலேயே அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு எழுத்தும் சிக்கின. மொழிபெயர்ப்பைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்: "இயந்திரம் நின்றுவிட்டது."

அவர் கையை மெல்ல இறக்கினார்.

"நின்னு போச்சின்னு எனக்குக் காலையிலயே தெரியும் நைனா. ஏன் நின்னுச்சின்னு கேளு."