இடது பக்கக் கண்ணாடி

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. பதினெட்டு வருஷமாக விழுப்புரத்தில் கார் ஏசி, ஹீட்டர் வேலை பார்க்கிறேன். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். போன மார்கழியில் நடந்ததற்கு மட்டும் இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

ஆரோக்கியசெல்வி அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். கணவர் பிரான்சிஸுக்கு வாரம் மூன்று நாள் புதுச்சேரியில் டயாலிசிஸ். அவர் பின்சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்று, இருபது வருஷப் பழைய வெளிநாட்டு சொகுசுக் கார் ஒன்றை அக்கா வாங்கியிருந்தார்.

"ஹீட்டர் வரல தேவா. பனியில கண்ணாடி உள்ளார ஆவி படிஞ்சிக்கினே இருக்குது. அதுவும் இடது பக்கம்தான் ஜாஸ்தி. நேத்து லாரி ஒண்ணு தெரியவே இல்ல, மயிரிழையில தப்பிச்சோம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்பா."

ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது, மற்றது சில்லென்று இருந்தது. உள்ளே துரு அடைப்பு. தண்ணீர் அடித்துக் கழுவியதும் சூடான காற்று வந்தது. ஹீட்டர் ஒழுகினால் கால் மிதியடி ஈரமாகும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் தித்திப்பு வாடை வரும். இரண்டும் இல்லை. ஆனாலும் பனியில் ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை 4.50. தனியாகக் கிளம்பினேன். திண்டிவனம் ரோட்டில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

விக்கிரவாண்டி தாண்டி, 5.12-க்கு...

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் எச்சரிக்கை. நான் பெல்ட் போட்டிருந்தேன். எரிந்தது இடது சீட்டின் விளக்கு. சீட் காலி. பழைய சென்சார், இப்படித்தான் செய்யும். வண்டியை ஓரம்கட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். இடது கதவுக் கண்ணாடியில், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்திருந்தது.

துடைத்தேன். மறுபடியும் படிந்தது. சுருங்கியது. படிந்தது... சுருங்கியது...

என் மூச்சாக இருக்குமோ? கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். காற்றை நிறுத்தினேன். மூச்சை அடக்கினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

படிந்தது.

நான் இன்னும் மூச்சு விடவில்லை.

சுருங்கியது. படிந்தது.

ஹ்...ஹா... ஹ்...ஹா...

இப்போது சத்தமும் கேட்டது.

திடீரென்று கண்ணாடியில் படிவது நின்றது.

அடுத்த மூச்சு என் கன்னத்தில் பட்டது.

ஈரமாக... சில்லென்று...

5.19. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். சாலையோர டீக்கடை வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் நின்றேன். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இன்னைக்கு ஒரு டாக்சி அனுப்பறேன். அதுல போயிடுங்க."

"ஏம்பா, ஹீட்டர் ரெடியாவலையா?"

"ஹீட்டர் ரெடிக்கா... இந்த வண்டிதான் வேணாம்."

நன்றாக விடிந்த பிறகு, அந்தக் காரை விற்றுக்கொடுத்த புரோக்கர் முருகையனைக் கூப்பிட்டேன். இந்த வண்டியில் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மின்ன இருந்த ஓனரு அதுலதான்பா போயிட்டாரு. முன்சீட்டுல உக்காந்தபடியே. தூங்கறாருன்னு நெனச்சிக்கினு டிரைவரு மெட்ராஸ்ல இருந்து ஓட்டிக்கினு வந்திருக்கான். விழுப்புரம் வந்து எழுப்பினா, ஒடம்பு வெறைச்சிப் போச்சி. உசுரு போயி மூணு மணி நேரம் ஆச்சின்னாரு டாக்டரு."

"அப்புறம்?"

"அந்த டிரைவரு நம்பவே இல்லப்பா. அவரு பக்கத்துக் கண்ணாடி திண்டிவனம் தாண்டியும் ஆவி படிஞ்சிக்கினே வந்துச்சாம்... இவன்தான் துடைச்சிக்கினே வந்தானாம்."