கேக்குக்கு அடியில் விரித்த துணி

ஓவன் ரோடு அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உர்சுலா. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆட்களை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். பஸ்ஸில் பார்ப்பார், பூசையில் பார்ப்பார், தேக்கா மார்க்கெட்டில் மீனுக்கு நிற்கும்போது பார்ப்பார். பார்த்ததைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் கிறுக்கி வைத்துக்கொள்வார். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிறுக்கலைத் துணியில் வரைந்து, ஊசியும் வண்ண நூலுமாக உட்கார்ந்துவிடுவார்.

கைக்குட்டை, தலையணை உறை, மேசைத் துணி என்று அவர் தைத்துக் கொடுத்த ஏதாவது ஒன்று எங்கள் மாதா கோவில் பங்கில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது. ரோஜாப்பூ, கிளி, மயில் இதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அவை கடையிலேயே கிடைக்கின்றன என்பார். அவர் தைத்ததெல்லாம் நம்முடைய அசட்டுத்தனங்களைத்தான். கணவர் அருளானந்தம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். காய்கறிக்கடை கோவிந்தசாமியின் தராசுத் தட்டில் பூனை படுத்திருக்கும். அவர் கத்தரிக்காயைக் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். எனக்குக் கொடுத்த கைக்குட்டையில் நான் பஸ்ஸைத் துரத்துகிறேன், ஒரு காலில் செருப்பு இல்லை. அது நடந்ததுதான். தபால் நிலையத்துக்கு அன்று ஒற்றைச் செருப்போடு போய்ச் சேர்ந்தேன். அந்தக் கைக்குட்டையில் நான் மூக்கு சிந்தியதில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். கேலியாகவே இருக்கட்டும், நம்மை ஒருவர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதில் ஒரு பெருமை.

தைப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டா எல்லாரும் ஸ்டூடியோவுல நிக்கிற மாதிரி வெறைப்பா நின்னுக்குவாங்க லா. அப்புறம் என்னத்த தைக்கிறது?" என்றார்.

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது.

அருளானந்தத்துக்கு உடன்பிறப்பு என்று இருந்தது ஒரே அக்கா, பிலோமினம்மாள். தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவருடைய கணவர் அலெக்சாண்டர், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கானவர்களோடு அவருக்கும் வேலை போயிற்று. ஆனால் சில மாதங்களிலேயே ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டதாகப் பிலோமினம்மாள் சொன்னார். நல்ல செய்திதானே, நாங்கள் நம்பினோம்.

அவர்கள் குடியிருந்தது குவீன்ஸ்டவுனில். ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்குப் பிலோமினம்மாள் ஓஃபிர் ரோடு கோவிலுக்கு வந்துவிடுவார். பூசை முடிந்ததும் தம்பி வீட்டில் இடியாப்பம். தன் வீட்டுக்கு மட்டும் யாரையும் அழைக்கமாட்டார். அவ்வளவு தூரம் எதற்கு அலைகிறீர்கள், நான்தான் வருகிறேனே என்பார்.

கண்டிப்பானவர். பூசையில் பேசும் பிள்ளைகளைத் தொடையில் கிள்ளுவார். அப்படிப்பட்டவர் எழுபத்து மூன்று, நான்கு வாக்கில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்க ஆரம்பித்தார். லேசான கண்ணயர்வு இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, சில நாள் குறட்டையும் வரும். கிள்ளு வாங்கிய பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உர்சுலா இதை விடுவாரா?

பிலோமினம்மாளுக்குப் பெட்டி என்று ஒரு மகள். அவளுக்கு எழுபத்தைந்து ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காத்தோங்கில் வசதியானவர்கள். உர்சுலா மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு மேசைத் துணி தைத்தார். அவர் தைத்ததிலேயே சிறந்தது அதுதான், இன்றும் சொல்வேன். குடும்பம் முழுவதும் கோவில் பெஞ்சில் வரிசையாக இருக்கும். நடுவில் பிலோமினம்மாள். முக்காடு நழுவி, செபமாலை தரையில் விழுந்து கிடக்க, வாயைப் பிளந்து தூங்குகிறார். பக்கத்தில் ஒரு வாண்டு, அந்த வாய்க்குள் ஒரு வேர்க்கடலையைப் போடலாமா என்று குறிபார்த்துக்கொண்டிருக்கிறது.

கல்யாணத்தன்று காலையில் உர்சுலாவே மண்டபத்துக்கு எடுத்துப் போய்க் கேக் மேசையில் விரித்தார். மூன்றடுக்குக் கேக் அதன்மேல் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் கேக்கைப் பார்க்கப் போய்த் துணியைப் பார்த்தார்கள். சிரிப்பு மேசையிலிருந்து வாசல்வரை பரவியது. மாப்பிள்ளையின் அம்மா, "சம்பந்தியம்மா, இது நீங்களா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெட்டியின் முகம் வெளுத்தது. மணப்பெண்ணின் பதற்றம் என்று நினைத்தோம். பிலோமினம்மாள் துணியைச் சற்று நேரம் பார்த்தார். ஓரத்தில் இருந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. குவீன்ஸ்டவுன் பக்கத்துக் கோவிலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். தம்பி வீட்டு வாசலை இரண்டு வருடம் மிதிக்கவில்லை.

"சிரிக்கத் தெரியாதவங்க. அவ்வளவுதான்" என்றார் உர்சுலா. நானும் ஆமாம் போட்டேன்.

எழுபத்தாறு கடைசியில், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, உர்சுலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் பங்கில் பிள்ளை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் ஞானஸ்நானம் ஆகிவிடும். இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை. அக்காதான் ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்த வேண்டும், வேறு யாரும் கூடாது என்று அருளானந்தம் சொல்லிவிட்டார். சாதுவான மனிதர், இதில் மட்டும் இரும்பாக நின்றார். போய்க் கேட்கவும் அவருக்குத் துணிவில்லை.

"நீ தைச்சே. நீயே போய் கேளு" என்றார் மனைவியிடம்.

உர்சுலா போகவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று ஓடியது. கோவில் வாசலில் கேள்விகள் வந்தன. ஃபாதரும் கேட்டார். நான்காம் மாதம் குழந்தைக்கு ஜன்னி கண்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை கைவிட்டுப் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்ற பயம் உர்சுலாவைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் விட்ட வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குவீன்ஸ்டவுன் பஸ்ஸில் ஏறினார்.

அங்கே நடந்தது அப்போது எனக்குத் தெரியாது. உர்சுலா பின்னால் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வார நாள், காலை பத்து மணி. கதவைத் திறந்தது அலெக்சாண்டர். இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றவர், உதட்டில் விரலை வைத்து, சத்தம் வேண்டாம் என்றார். அடுப்பில் உலை கொதித்தது. அரிசி களைந்த ஈரம் அவர் கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் இரண்டு நீலச் சட்டைகள் காய்ந்தன. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் போடுகிற சட்டை.

உர்சுலாவின் கண்ணுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவு நாளா அண்ணே?" என்று கேட்டார்.

"அஞ்சு வருஷம் ஆச்சும்மா. வயசாயிடுச்சுன்னு என்னை எங்கேயும் எடுக்கல. அவதான் நைட் ஷிஃப்ட் போறா. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சா அங்கேயே முகம் கழுவி, சேலை மாத்திக்கிட்டு, நேரா பூசைக்கு வந்துடுவா. பெட்டி கல்யாணமும் அதுலதான் நடந்துச்சு."

குழந்தை அழுதது. உள்ளறையிலிருந்து பிலோமினம்மாள் கலைந்த தலையோடு வந்தார். மூங்கில் கழியைப் பார்த்தார், உர்சுலாவைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, எனக்குத் தெரியாது" என்றார் உர்சுலா. "ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் வருவாங்க, மாப்பிள்ளை வீடும் வருவாங்க. நீங்க ஏன் தூங்கினீங்கன்னு நானே எந்திரிச்சு சொல்லிடறேன்."

"சொன்னா உனக்கு மனசு லேசாயிடும். இவர் எங்க போய் முகத்த வெச்சுக்குவாரு?"

உர்சுலா அழுகிற பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவில்ல தூங்கறவள்னு பேரு எனக்குத்தானே. இருந்துட்டுப் போகட்டும். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்திருக்காருன்னு இவருக்கு ஒரு பேரு வேணாம்" என்றார் பிலோமினம்மாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "நான் வர்றேன். இவளை நான்தான் ஏந்துவேன். ஆனா ஒண்ணு. யாராவது கேலி பண்ணினா நீ வாயத் தொறக்கக் கூடாது. எல்லாரும் சிரிச்சா நீயும் சிரிக்கணும்."

உர்சுலா அங்கேயே அழுதார். எண்பத்தெட்டில் அலெக்சாண்டர் இறந்தார். இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று பிலோமினம்மாள் அனுமதி கொடுத்த பிறகு, உர்சுலா என்னிடம் இதைச் சொன்னபோதும் அழுதார். எத்தனையோ ஞாயிறு அண்ணியை அணு அணுவாகப் பார்த்திருக்கிறேன், உடம்புக்கு என்ன என்று ஒரு நாள் கேட்கவில்லையே என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். என் மனம் வேறிடத்தில் இருந்தது. அந்த ஞானஸ்நான விருந்தில் நானும் இருந்தேன்.

எழுபத்தேழு ஈஸ்டர் முடிந்த ஞாயிறு அது. உர்சுலா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சோபாவில். அலெக்சாண்டர் வெள்ளைச் சட்டையும் டையுமாக அவர்களுக்கு நடுவில் அமர்ந்து, ஜூரோங்கில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிலோமினம்மாள் குழந்தையை மடியில் வைத்திருந்தார். இரண்டு வருடம் முறைத்துக்கொண்டிருந்த வீடு ஒன்று சேர்ந்துவிட்டது, நாமும் ஏதாவது சொல்லிக் கலகலப்பாக்குவோம் என்று எனக்குத் தோன்றியது.

"ஃபாதர் கொழந்தை தலையில ஊத்தின தண்ணி பிலோமினக்கா மேலயும் கொஞ்சம் தெறிச்சிருக்கும் போல" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்கு கடைசி வரைக்கும் முழிச்சிருந்தாங்களே."

கூடம் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா தொடையைத் தட்டிச் சிரித்தார். அலெக்சாண்டர் சிரித்தார். பிலோமினம்மாள், "சும்மா இருங்க தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். சட்டியும் கரண்டியுமாகப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த உர்சுலா அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

சொன்னது நன்றாக எடுபட்டதே என்ற திருப்தியில் நான் இன்னொரு கிண்ணம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.