கன்னம் சிவக்காத கதாநாயகி

காதல் நாவல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர் அவர். எல்லோரும் புரூஃப் அக்கா என்பார்கள். அவரைவிட ஆறு வயது மூத்த முதலாளிக்கும் அவர் அக்காதான்.

அக்காவின் அப்பா கப்பலில் சமையல்காரராக வேறொரு கண்டத்திலிருந்து வந்த கறுப்பர். அம்மா தமிழ் பேசும் தையல்காரி. அப்பாவிடமிருந்து அடர்ந்த நிறமும் சீப்பின் பல்லை உடைக்கும் சுருட்டை முடியும் வந்தன. அம்மாவிடமிருந்து தமிழும் வாயும். போனில் பேசிப் பழகிய எழுத்தாளர்கள் நேரில் வந்து, அவரிடமே "அக்கா இல்லையா?" என்று கேட்பதுண்டு. "நல்லா தமிழ் பேசுறீங்களே" என்று வியந்த ஒருவரிடம், "நீங்களும் நல்லாத்தான் பேசுறீங்க" என்றார்.

ஒருமுறை நூறு வருடத்துக் காதல் கதைகளை மறுபதிப்பு செய்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார் அக்கா. பழைய கதைகளில் அவருடைய அப்பாவைப் போன்றவர்கள் விசிறி வீசினார்கள். பிறகு வந்தவற்றில் பெட்டி தூக்கிச் சிரிப்பு மூட்டினார்கள். அக்கா பள்ளியில் படித்த காலத்துக் கதைகளில் வில்லனுக்குப் பின்னால் ஒரு வசனமும் இல்லாமல் நின்றார்கள். காதலிக்க மட்டும் அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, பழைய அகப்பாடல்கள் தலைவியின் மாமையை, அந்த மாந்தளிர் நிறத்தைக் கொண்டாடியிருந்தன. பள்ளியில் அதைப் படித்தபோது ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் அக்கா.

"நடுவுல யாரோ சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க" என்றார் முதலாளியிடம்.

அப்புறம்தான் அந்தக் கையெழுத்துப் பிரதி வந்தது. எழுதியவள் ஓர் இளம் ஆசிரியை. கதாநாயகி இரண்டு இனத்துக்கும் பிறந்த நர்ஸ்; அக்காவைப் போலவே நிறம், அக்காவைப் போலவே முடி. இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டு அக்கா போன் செய்தார்.

"ஏம்மா, உன் பொண்ணுக்குப் பதினோரு இடத்துல கன்னம் சிவக்குது. எனக்கு ஐம்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூடச் சிவந்ததில்ல."

"வேற எப்படிக்கா எழுதுறது? நான் படிச்ச கதையிலெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவருக்கும் தெரியவில்லை. தன் வெட்கத்தைத் தானே பார்க்க முடியுமா என்ன?

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதிப்பகத்து லிஃப்டைப் பார்க்க வந்தவர், அக்காவைப் பார்த்த பிறகு வாராவாரம் வந்தார். கல்யாணம் ஆகும்வரை அந்த ஒன்றரை வருடமும் லிஃப்ட் ஒரு நாள்கூட நின்றதில்லை. போன் பேசிய அன்று சாயங்காலம் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் வெட்கப்பட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்போ எதுக்கு அது?"

"ஆபீஸ் வேலை."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "முதல்ல காது மடலை இழுப்ப. அப்புறம் உன் பார்வை என் சட்டை பட்டன்ல வந்து நிக்கும். கடைசியா சம்பந்தமே இல்லாம என்னைத் திட்டுவ."

"நான் எப்போ திட்டினேன்? வெங்காயத்தை ஒழுங்கா நறுக்குங்க."

"கையை எங்க வச்சிருக்கன்னு பாரு."

கை காதில் இருந்தது.

மறுநாள் ஆசிரியையிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து, பிறகு பதினோரு இடத்தையும் அடித்துத் திருத்தி எழுதினாள்.

அட்டைப்படம் வந்தது. பால் நிறத்தில் ஒரு பெண். அக்கா சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அடுத்தது டீ நிறத்தில் வந்தது. அதையும் அனுப்பினார். முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அக்கா, அட்டையைப் பார்த்துதான் கையில எடுக்கிறாங்க. இவ்வளவு கறுப்பா போட்டா எடுப்பாங்களா?"

"உள்ள ஒருத்தி, வெளிய இன்னொருத்தின்னா அது பிழை. பிழை இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்காவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போவதில்லை. இரண்டு நாள் மிஷின் காத்திருந்தது. மூன்றாவது அட்டையில் கதாநாயகி கதாநாயகியாகவே இருந்தாள்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போகவும் இல்லை, தேங்கவும் இல்லை. மற்ற நாவல்களைப் போலவே விற்றது. அதுதான் முதலாளிக்கு ஆச்சரியம். கதாநாயகி ஏன் இவ்வளவு திட்டுகிறாள் என்று ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாவலைப் படித்து முடித்த கணவர், அதில் இரண்டு பக்கத்தைத் தானே எழுதியதாக வேலையிடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா மறுக்கவில்லை.

இப்போது அந்த நர்ஸின் நிறத்தில் கதாநாயகிகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். போன மாதம் வந்தவள் எல்லோரையும் மன்னித்து, எல்லோருக்காகவும் விட்டுக்கொடுத்து, முந்நூறு பக்கமும் நல்லவளாகவே இருந்தாள். அக்கா ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "இவளுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? கொஞ்சம் கோபம் வரட்டும். ஒரு தப்பாவது செய்யட்டும். அதையும் சேர்த்து அவன் காதலிக்கட்டும்."