எங்கள் அண்ணியாருக்கு

எனக்குத் தேதி தவறாது. மதுரையில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் எந்த வெள்ளிக்கிழமை எந்தத் தியேட்டரில் படம் பார்த்தோம், யார் டிக்கெட் எடுத்தது என்பதுவரை டைரியில் இருக்கிறது. வகுப்பில் எல்லோருடைய பிறந்தநாளும் அதன் முதல் பக்கத்தில் இருந்தது. அவளுடையதும்.

அவள் செல்லூர்ப் பெண். வீட்டில் நான்கு தறி. அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். மேலூரிலிருந்து வந்துபோன என் நண்பனுக்கு அவள்மேல் ஆசை. என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னான். கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் குடையை மடக்கியபடி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு இஷ்டம் இல்லண்ணே. அவரு மேல கோவமும் இல்ல. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. பெண்ணுரிமை பற்றிய கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். ஆனால் அவனிடம் போய், "யோசிக்கிறா மாப்ள, விட்டுறாத" என்றேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. நாங்கள் பார்த்த படங்களில் வேண்டாம் என்ற எந்தப் பெண்ணும் கடைசிவரை அப்படியே இருந்ததில்லை. பின்னாலேயே போனவன் ஜெயித்தான், நாங்கள் விசிலடித்தோம். டைரியில் எழுதினேன்: "மறுத்துவிட்டாள். இன்னும் இடைவேளையே வரவில்லை." வரி நன்றாக விழுந்திருக்கிறது என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

பிப்ரவரியில் அவள் பிறந்தநாள். தேதியைக் கொடுத்தவன் நான். ப்ளெக்ஸ் வாசகமும் என்னுடையது: "எங்கள் அண்ணியாருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். மறுப்பது நீங்கள், காத்திருப்பது அண்ணன்." மேலே அவள் பெயர். கீழே எங்கள் நண்பர் கூட்டம் எட்டுப் பேரின் முகங்கள். விடிந்ததும் அவள் தெருமுனைக் கம்பத்தில் கட்டினோம்.

தெருவே நின்று படித்திருக்கிறது. ஒன்பது மணிக்குள் அவள் அப்பாவே ஏணி வைத்து ஏறி அறுத்துப் போட்டாராம். மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

பத்தாம் நாள், நூலகப் புத்தகங்களைத் திருப்பித்தர அப்பாவுடன் வந்தாள். அவர் தமிழில் அல்லாமல் தங்கள் வீட்டு மொழியில் அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நான் ஒங்ககிட்டதானண்ணே சொன்னேன். அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் போய்விட்டாள். பரீட்சைக்கும் வரவில்லை. நூலகத்துக்கு வந்த அன்றைய டைரிப் பக்கத்தில், அவள் திருப்பிக் கொடுத்த மூன்று புத்தகங்களின் தலைப்புகள் இருக்கின்றன. அவள் கேட்ட கேள்வி இல்லை.

அந்த நண்பன் இப்போது கே.கே. நகரில் இருக்கிறான். போன மாதம் டீக்கடையில் பழைய பேச்சு வந்தது. "அவ யோசிச்சுக்கிட்டுத்தான மாப்ள இருந்தா? அவுக அப்பா வந்து கெடுத்துட்டாரு" என்றான், சிரித்தபடி.

ஆமாம் என்று தலையாட்டினேன்.