வீட்டுப் பெயர் இல்லாத செல்விகள்

கொச்சிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. ரேஷன் ஆபீஸ், பள்ளிக்கூடம், லைப்ரரி, எங்கே போனாலும் பெயரைக் கேட்ட கையோடு "வீட்டுப்பேரு?" என்பார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வீடு இடிந்து விழுந்தாலும் பெயர் விழாது. ஆள் துபாய்க்குக் கப்பலேறினால் கூடவே ஏறும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். அதை இங்கே சொன்னால் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறார்கள். "வீடில்லே?" என்று ஒரு கிளார்க் பரிதாபமாகவே கேட்டார். "வீடு இருக்கு சார், பேருதான் இல்லை" என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் ஊர் கோவில்பட்டியில் எங்கள் டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். "யாரு, மில் கணக்குப்பிள்ளை மகளா? உனக்குச் சல்ஃபா மாத்திரை ஆகாதே" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். எழுதி வைத்ததே கிடையாது. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அவர் இரண்டு நாள் லீவு போட்டால் ஊரே பயந்துகொண்டுதான் மாத்திரை விழுங்கியது. அதனால்தான் இங்கே கொச்சியில் எங்கள் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த யந்திரம் எனக்குப் புதிதில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, என்னை எறணாகுளத்துக்கு வகுப்புக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஜோஸும் அதே வகுப்பில்தான் படித்தான். அங்கே சொல்லிக்கொடுத்ததை நான் எங்கள் கிடங்கை வைத்துப் புரிந்துகொண்டேன். டேபிள் என்பது மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. இண்டெக்ஸ் என்பது வாசலில் மாட்டிய பலகை. எந்த மூட்டை எந்த வரிசையில் என்று அது சொல்லும். பலகை இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டையாகப் புரட்ட வேண்டும். பலகைகள் அதிகமானாலும் தொல்லை. ஒரு மூட்டை உள்ளே வந்தால் அத்தனை பலகையிலும் திருத்தி எழுத வேண்டும். கிடங்கு நிரம்பினால் வேலை நடக்காது, அவ்வப்போது வேண்டாததைக் கழிக்க வேண்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகள் செல்விக்கு ஏழு வயதில் ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள், இதே ஆஸ்பத்திரியில்தான். ஊசியை எடுப்பதற்குள் உதடு தடித்தது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. கணவர் வெலிங்டன் தீவில் கிடங்கு வேலையில் இருந்தார். படகு பிடித்து அவர் வந்து சேர்வதற்குள் குழந்தை பிழைத்துவிட்டாள். டாக்டர் அவள் ஃபைலின் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இனி யார் மறந்தாலும் அது மறக்காது என்று நம்பினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பிய செல்வியை எங்கள் வீட்டுக்காரம்மா ஆயிஷா இத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆபீஸுக்குத் தகவல் வந்ததும் நான் ஓடினேன். ஊசி போடும் அறையில் செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை மடித்திருந்தது. நர்ஸ் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊசி சிஸ்டர்?"

"பென்சிலின்தன்னே. பயப்படேண்டா அம்மா, மாசாமாசம் எடுக்கறதல்லே?"

அவர் கையைத் தட்டிவிட்டேன். சிரிஞ்சு தரையில் விழுந்து உடைந்தது.

"அய்யோ, நீங்கள் எந்தா செய்தது!"

"அவளுக்கு ஆகாது! செத்துப்போவாள்! இங்கேதானே எழுதி வெச்சீங்க?"

நர்ஸ் கோபத்தோடு ஃபைலைத் திருப்பிக் காட்டினார். செல்வி, பெண், மட்டாஞ்சேரி. வாதக் காய்ச்சல், மாதம் ஒரு பென்சிலின். கடைசி ஊசி போன மாதம், கோளாறு எதுவும் இல்லை. அதனால் பரிசோதனை ஊசிகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அட்டையில் சிவப்பு மை இல்லை. "என் மகள் போன மாசம் இங்கே வரவே இல்லை" என்றேன். "கம்ப்யூட்டர் தந்த நம்பராணு" என்றார் அவர். உலகத்தில் அதற்கு மேல் சாட்சி இல்லை என்பது போல.

செல்வி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "ஞான் பறஞ்ஞு அம்மே, ஈ ஊசி வேண்டான்னு பறஞ்ஞு." அவள் சொல்லியிருக்கிறாள். நல்ல மலையாளத்தில், என்னைவிட நன்றாக. நர்ஸுக்கு அது புரியாமல் இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஊசி வேண்டாம் என்றுதானே சொல்லும்!

ஆயிஷா இத்தா கிளார்க் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "இவன் கேட்டான், வீட்டுப்பேரு எந்தான்னு. அவங்க தமிழங்க, அதெல்லாம் இல்லான்னு சொன்னேன். ஒரு செல்விதான் இருக்குன்னு நம்பர் எழுதிட்டான்! மட்டாஞ்சேரியில ஒரு செல்வியா? எங்க சந்துல கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாங்களே, ஹமுக்கே!" என்று கிளார்க்கைத் திட்டினார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "எழுது. வீட்டுப்பேரு தெக்கேப்பறம்பில். என்ற வீடுதான். இனி ஆரோடயும் கலக்காது" என்றார். கிளார்க் அப்படியே புதிதாகப் பதிந்துகொண்டார். வேறு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது.

மறுநாள் காலையில் ஜோஸின் அறைக்குப் போனேன். நடந்ததை அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். முகம் வெளிறிப்போயிருந்தான்.

"சேச்சி, டேபிள் ரொம்பப் பெரிசாப் போச்சு. நம்பர் சீட்டு கொண்டுவராதவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் புதுசாப் பதிஞ்சிருந்தாங்க. டிஸ்க் நிறைஞ்சுது. ஒரு பேரு சேர்த்தா யந்திரம் சாயா குடிச்சிட்டு வர்ற நேரம் எடுத்தது. அதான் திரும்ப வந்ததைக் கழிச்சேன்."

"எதை வெச்சுக் கழிச்சே?"

"வீட்டுப்பேரு, ஆளுபேரு, ஸ்தலம். மூணும் ஒண்ணானா ஒராளல்லே? ஒண்ணை நிறுத்தி மத்ததை நீக்கினேன்."

"வயசு பார்க்கலையா?"

"வயசு ஓரோ தடவையும் ஓரோண்ணு பறயும் சேச்சி. அதை எங்கனே நம்பும்?"

அவன் ஊருக்கு அது சரிதான். தெக்கேப்பறம்பில் வீட்டில் இரண்டு சுலைகா இருக்க மாட்டார்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் அந்தக் காலிக் கட்டத்தில் ஒரே வீட்டுக்காரர்களாகிவிட்டோம். காலியும் காலியும் யந்திரத்துக்கு ஒன்றுதான். முதலில் பதிந்த, வாதக் காய்ச்சல் செல்வி தங்கினாள். மற்றவர்கள் இல்லை என்றாகிவிட்டது. அவர்களுடைய ஃபைல்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. அங்கே போய்ச் சேரும் வழிதான் அழிந்திருந்தது.

ஜோஸ் பழைய ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நீக்கிய வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தான். பச்சை எழுத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டே போயின. முருகன், முருகன், முருகன். லட்சுமி, லட்சுமி. கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் இலை எடுப்பவர்கள், மார்க்கெட்டில் வெங்காயம் விற்பவர்கள். இத்தனை பேர் நடமாடிக்கொண்டிருந்தோம். எங்களுக்கே தெரியாமல் எங்களை ஒருவருக்குள் ஒருவராக மடித்து வைத்திருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இன்னும் என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. பகையாக இருந்தால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

சாயங்காலம் செல்வியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். ஜோஸ் அவளைத் தேடி எடுத்துக் காட்டினான். இரண்டு வரி வந்தது. மேலே, திரும்பி வந்த பழைய செல்வி. அப்பா பெயர் உண்டு, வீட்டுப் பெயர் காலி, சிவப்பு மை ஃபைலின் நம்பர் அவளிடம்தான். கீழே, நேற்றுப் பதிந்த தெக்கேப்பறம்பில் செல்வி.

"ஒண்ணைக் களையணும் சேச்சி. எதை வெக்கணும்?"

எங்கள் ஆபீஸில் இது தினசரி வேலை. ஒரே வியாபாரி இரண்டு தடவை பதிவாகியிருந்தால் யோசிக்காமல் ஒன்றை நீக்குவேன். இல்லாவிட்டால் ஒன்றில் திருத்தியது மற்றதில் திருந்தாமல் நிற்கும், அங்கேதான் ஆபத்து. இதை வகுப்பில் ஜோஸுக்கே விளக்கியவள் நான்.

"ரெண்டும் இருக்கட்டும். ரெண்டுலயும் பென்சிலின் ஆகாதுன்னு போடு."

"அப்ப எது மாத்தினாலும் ரெண்டு தடவை மாத்தணும். மறந்துபோகும்."

"நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்து நின்னு பார்த்துட்டுப் போறேன்."

அவன் சிரிக்கவில்லை. இரண்டு வரியிலும் தட்டினான். செல்வி கம்ப்யூட்டர் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். "அம்மே, இதில எது ஞான்?" என்றாள். காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். விரல் இரண்டு வரிக்கும் நடுவே, எழுத்தே இல்லாத கறுப்பில் போய் நின்றது.