தூண்டிலில் கட்டிய சலங்கை

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் பிடிக்கப் போயாக வேண்டும். பக்கத்தில் இருக்கிற அமராவதி அணையில் கெண்டையோ ஜிலேபியோ பிடிப்பாரா என்றால் மாட்டார். ஊட்டியையும் தாண்டி, பல் கிட்டிப்போகிற குளிரில், வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்தான் வேண்டும். வீட்டிலிருந்து விடிவதற்குள் பைக்கை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வருவார். பையில் மீன் இருக்காது. வரும் வழியில் வாங்கிய கேரட் இருக்கும். எங்கள் தெருவில் என் கேரட் பொரியலைச் சாப்பிடாத வீடு கிடையாது.

பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்த நாள். நான் செக்கிங்கில் நின்றுகொண்டே தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். அவர் மீசை முளைத்த காலத்திலிருந்து துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நின்று, இப்போது அங்கேயே மாஸ்டர். அந்த ஒரு நாளையும் மீனுக்குக் கொடுத்துவிட்டால் நான் யாரிடம் பேசுவது? சுவரிடமா? மகள் இருந்தவரை தெரியவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு கப்சிப். அடுப்படியிலிருந்து ஒன்று சொன்னால் பதில் வராது. மறுபடி சொன்னால் "ம்" வரும். அந்த "ம்"முக்கு ஆமாமா இல்லையா என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று, கத்தாமல், நிதானமாகச் சொன்னேன். இப்படி ஆளுக்கொரு மூலையில் கிடப்பதற்கு நான் காங்கேயத்தில் தங்கச்சி வீட்டுக்கே போய்விடுகிறேன், போகட்டுமா என்று. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். மனுஷன் திரும்பவே இல்லை. சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். போ என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டாள். நான் துணிமணிகளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாயிற்று, கடைசியாக ஒரு தடவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போவோம் என்று போன ஞாயிறு நானும் பைக்கில் ஏறிக்கொண்டேன். அவருக்கு ஆச்சரியம், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் வரைக்கும் அவர் ஹெல்மெட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தேன். மலை ஏற ஆரம்பித்ததும் வாய் ஓய்ந்துவிட்டது.

என் கைப்பையில் ஒரு சலங்கை இருந்தது. கன்றுக்குட்டிக் கழுத்தில் கட்டுவது, காங்கேயத்தில் வாங்கினேன். தூண்டிலைப் போட்டால் கம்பின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதனால்தான் அங்கே பேச்சு ஆகாது என்று எப்போதோ சொல்லியிருந்தார். சரி, நுனியில் சலங்கையைக் கட்டிவிட்டால் மீனைச் சலங்கை பார்த்துக்கொள்ளும், இவர் என்னைப் பார்த்துப் பேசட்டும். இதுதான் என் கணக்கு.

ஏரியில் காற்றே இல்லை. தண்ணீர் அசையவில்லை. எட்டத்தில் இரண்டு பேர் தூண்டிலோடு ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் புழுவைக் கோர்த்து வீசிவிட்டுக் கம்பைக் கவைக்குச்சியில் சாய்த்தார். நான் சலங்கையை எடுத்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வேண்டாம் அம்மிணி. மீன் கலைஞ்சு போயிரும்."

கலைந்தால் கலையட்டும் என்று கட்டினேன். கையைப் பிடித்து இழுத்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீயாவது ஊற்றுங்கள் என்று பிளாஸ்க்கை நீட்டியதும் குனிந்து ஊற்ற ஆரம்பித்தார்.

அப்போது சலங்கை குலுங்கியது.

கம்பின் நுனி வளைந்து நிமிர்ந்தது. மறுபடியும் வளைந்தது. ஜல் ஜல்லென்று அந்த ஏரி முழுக்கக் கேட்கிறது, எட்டத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், இவர் டம்ளரில் டீ ஊற்றுகிறார். என் மேல் உள்ள வீம்பில் வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை ஞாயிறு இந்த மீனுக்காகக் காத்துக் கிடந்தவர்!

"ஏனுங்க, மணி அடிக்குதுங்க," என்றேன், அவர் குனிந்த தலையைப் பார்த்து.

தலை நிமிரவில்லை. டீயைச் சிந்தாமல் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, டம்ளரை நீட்டும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் பதறித் திரும்பினார். ஓடிப்போய்க் கம்பைத் தூக்குவதற்குள் தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. மீன் போயே போய்விட்டது. தண்ணீரைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

மறுபடியும் முதுகு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமென்றால் ஏரியில்தான் இறங்க வேண்டும். இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேலை நனைந்தது. குளிர் எலும்பைப் பிடித்தது.

"எத்தன நாளாக் காது கேக்கறதில்லீங்க?"

அவர் கண் என் உதட்டில்தான் இருந்தது. நிட்டிங்கில் அந்த இரைச்சலுக்குள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், எனக்கே தெரியும்.

"சுத்தமாக் கேக்காதுன்னு இல்ல. முன்னால நின்னு பேசுனா புரியுது," என்றார்.

அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. கம்பெனியில் தெரிந்தால் மாஸ்டர் வேலை போய்விடுமாம். மிஷினில் கையை வைத்துப் பார்த்தே எந்த ஊசி உடைந்தது என்று கண்டுபிடித்துச் சமாளிக்கிறாராம். டாக்டரிடம் போகவில்லை. இங்கே ஏன் வருகிறார் என்றால், இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பதில் சொல்லவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இதை என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு? கட்டினவளிடமா மறைப்பது? கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

"பைக் கழுவுனப்ப நான் போயிர்றேன்னு சொன்னனே, அதும் கேக்கலீங்களா?"

அவர் கையிலிருந்த கம்பு சாய்ந்தது.

"எங்க போற?" என்றார்.

ஒரு மாதமாக நான் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஆனால் சந்தோஷப்படவா முடிகிறது? அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பயந்து பயந்து கேட்டார்.

"வேற என்னென்ன சொன்ன?"

நான் எங்கிருந்து ஆரம்பிப்பேன்? பைக்கில் ஏறிவிட்டால் மறுபடியும் அவர் முதுகுதான். எல்லாவற்றையும் இங்கேயே, இந்தத் தண்ணீரிலேயே நின்று சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தால் குளிரில் உதடு வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கினால் அவருக்குப் புரியாது. உள்ளங்கையால் உதட்டை அழுத்திப் பிடித்து நடுக்கத்தை நிறுத்திவிட்டு, மகள் போன நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.