கறுக்காத எண்ணெய்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், அதற்காக நிலம் அளக்கும் அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். நிலத்தை அளந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புக்கு நான் பொறுப்பு. கல்லூரியில் வரலாறு படித்தவன். பானிப்பட்டில் நடந்த மூன்று போர்களுக்கும் காரணங்களைத் தனித்தனியாக எழுதத் தெரியும். இந்தத் தகுதியை நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் மேலதிகாரி ஜீப்பின் லாக் புக்கை என்னிடம் கொடுத்திருக்க வேண்டும்.

ஜீப்பை ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். எளாவூர்க்காரர். எட்டு வருஷமாகத் தற்காலிக டிரைவர். தை மாதம் மெட்ராஸிலிருந்து வண்டியைப் பரிசோதிக்க வருவார்கள், ஜீப் நல்ல நிலையில் இருந்தால் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். டிரைவர் அதை வீட்டில் சொல்லிவிட்டார். வீட்டில் அதை ஊருக்கே சொல்லிவிட்டார்கள். ஆகவே தை மாதம்வரை அந்த ஜீப்புக்குத் தலைவலிகூட வரக்கூடாது.

வந்தால் புழுதியால்தான் வரும். கல்கத்தா ரோட்டை விட்டு இறங்கினால் பாதை கிடையாது. வறண்ட ஏரிகளுக்குள்ளும் புல்டோசர் கிளறிப்போட்ட மண்ணுக்குள்ளும் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் எல்லாருக்கும் ஒரே நிறம். ஜாதி வித்தியாசம் அற்றுப்போன நேரம் அது ஒன்றுதான்.

"நமக்கு மூஞ்சி கயுவுனா போச்சு சார். இஞ்சினுக்கு உள்ள பூந்துச்சுன்னா அவ்ளோதான், மாவு மெஷினு கணக்கா அரச்சிரும்" என்பார் டிரைவர்.

புழுதி உள்ளே போகாமல் தடுக்க ஏர் கிளீனர் என்று ஒன்று உண்டு. பானை மாதிரி இருக்கும். அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெய். வெளிக்காற்று அந்த எண்ணெயின் மேல் மோதித் திரும்பும்போது புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று ஒரு ரப்பர் குழாய் வழியாக கார்புரேட்டருக்குப் போகும். தினமும் காலையில் டிரைவர் கிண்ணத்தைக் கழற்றுவார். நேற்று பொன்னிறமாக ஊற்றிய எண்ணெய் கறுப்புக் களியாகியிருக்கும். வழித்தெறிந்து, துடைத்து, புது எண்ணெய் ஊற்றுவார். பக்கத்தில் நின்று நான் லாக் புக்கில் 'எண்ணெய் கறுப்பு, மாற்றப்பட்டது' என்று எழுதுவேன். இப்படியாக நாங்கள் இருவரும் ஜீப்பைப் பராமரித்துவந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவுவதோடு நிறுத்தாமல், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் உத்தரவிட்டேன். ஜீப்புடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன். படித்தவன் சும்மா இருக்க முடியுமா? அந்த ரப்பர் குழாயைப் பார்த்தேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு.

"இதையும் மண்ணெண்ணெயில ஊறப்போடுங்க டிரைவரே."

"ரப்பர் சார் அது. கிருஷ்ணாயில் ஆவாது."

"ஒரு ராத்திரிதானே? பூஜைக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். தற்காலிக டிரைவர் ஒருவர் பொறுப்பாளரை எவ்வளவு நேரம் பார்க்கலாமோ அவ்வளவு நேரம் மட்டும் பார்த்தார். பிறகு ஊறப்போட்டார்.

மறுநாள் குழாய் கொஞ்சம் உப்பி, அழகாகப் பளபளத்தது. மாட்டினோம். பொட்டு வைக்காத பாகம் இருக்கக்கூடாது என்பதில் அலுவலகமே ஒற்றுமையாக இருந்தது. குழாய்க்குச் சந்தனத்தைப் பட்டையாகச் சுற்றிப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தது நான்தான். பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிர வேண்டும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. புழுதி குறையவில்லை. ஆனால் பூஜை முடிந்து சில வாரங்களில் ஒரு அதிசயம் நடந்தது. காலையில் கிண்ணத்தைக் கழற்றினால் எண்ணெய் கறுப்பாக இல்லை. லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். 'எண்ணெய் சுத்தம்' என்று எழுதினேன். மறுநாளும் சுத்தம். அதற்கடுத்த நாளும்.

"பாத்தீங்களா? எல்லாத்தையும் கழுவினதோட பலன்" என்றேன்.

டிரைவர் கிண்ணத்து எண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இல்ல சார். இம்மாம் புழுதில ஓட்டிக்கினு வர்றோம். எண்ணெ கறுக்கலன்னா இன்னாமோ தப்பா கீது. மண்ணு எங்கதான் போவுது?"

"உள்ள போகலைன்னா நல்லதுதானே?"

"போவாம இருக்குமா சார்? நம்ம மூஞ்சியப் பாருங்க."

என் முகத்தை நான் பார்க்கவில்லை. லாக் புக்கைத்தான் பார்த்தேன். வரிசையாகப் பன்னிரண்டு 'சுத்தம்'. அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர் உண்டு.

மார்கழியில் ஜீப் புகைக்கத் தொடங்கியது. மேட்டில் ஏற மறுத்தது. எண்ணெயை ஆடு தழை தின்பதுபோலத் தின்றது. தைப் பரிசோதனைக்குக் காத்திராமல் வண்டியை மெட்ராஸ் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார் மேலதிகாரி. நானும் கூடப் போனேன்.

பட்டறை மேஸ்திரி பானட்டைத் திறந்தார். குழாயில் இருந்த சந்தனப் பட்டை காய்ந்து, ஏரி நிலம்போல வெடித்திருந்தது. அவர் கொஞ்சமும் பயப்படாமல் கட்டைவிரலால் அதைச் சுரண்டினார். சந்தனம் உதிர்ந்தது. சந்தனத்தில் இருந்த வெடிப்பு அதற்கடியில் ரப்பரிலும் இருந்தது. குழாயை வளைத்துக் காட்டினார். வெடிப்பு வாய்போலத் திறந்தது. காற்று எண்ணெய்ப் பக்கமே போகாமல், குறுக்கு வழியில் புழுதியோடு நேராக இஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் எண்ணெய் சுத்தமாக இருந்திருக்கிறது.

மேஸ்திரி கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்க மண்.

"இன்னா நைனா, உள்ள வயலு வெச்சிருக்கியா? நாத்து நடலாம் போல கீதே" என்றார் டிரைவரிடம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. "நான் சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருந்தேன் என்பதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இஞ்சின் தேறாது என்று பட்டறை எழுதிவிட்டது. காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு. மேலதிகாரியின் அறைக்குப் போய், குழாயை ஊறப்போடச் சொன்னவன் நான், சந்தனம் பூசியவன் நான், சந்தேகப்பட்டவரின் வாயை அடைத்தவனும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். பானிப்பட்டுக்குக்கூட இவ்வளவு தெளிவாகக் காரணங்கள் எழுதியதில்லை.

அவர் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதை எங்க சேர்க்கறது?" என்று பட்டறைப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அதில் ஓட்டுநர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. பொறுப்பாளர் பெயருக்கு இடமே இல்லை. "அதுவும் தவிர, லாக் புக்ல நீங்க தினமும் சுத்தம்னுதானே எழுதியிருக்கீங்க? உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கே" என்றார். என் ஒன்றரைப் பக்கத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

பொங்கலுக்கு முன்பே டிரைவருக்குச் சீட்டு கிழிந்தது.

புதுவாயல் கூட்டு ரோட்டில் லாரி முதலாளி ஒருவர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, டிரைவர் புறப்பட்ட அன்று நானும் பஸ் நிறுத்தம்வரை போனேன். முந்தின நாள் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். எட்டு வருஷ அனுபவம், நிதானம், இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் காது. கொடுத்தேன். டீக்கடை வாசலில் நின்று, வரிக்கு வரி விரல் வைத்து, முழுசும் படித்தார்.

"எயுத்து நல்லா கீது சார். சீல் இல்லியே?"

"சீல் அதிகாரிகிட்ட இருக்கு. கேட்டேன். குடுக்கலை."

தலையை ஆட்டினார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அதை வெளியே எடுத்தார்.

"நீங்களே வெச்சிக்கங்க சார்."

"ஏன்?"

"இத்த காட்டுனா, இம்மாம் நல்லவன எதுக்குடா அனுப்பிச்சாங்கன்னு கேப்பான். நான் இன்னா சொல்லுவேன்? இங்க ஓட்டிக்கினு இருந்தேன்னே சொல்லப் போறதில்ல. தொயிலுக்குப் புதுசா வந்தவன்னு சொல்லிக்கிறேன்."

எட்டு வருஷத்தை என் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தோடு முண்டியடித்துப் பஸ்ஸில் ஏறினார். "பாத்துப் போங்க டிரைவரே" என்று கத்தினேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.